சொல்லப்படாத மரபு: சீன அமெரிக்கப் படைப்புகளில் இளையோரும் ‘சமநிலை’ என்னும் உருவகமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவில் பிறந்த, அல்லது சிறுவயதிலேயே அங்குக் குடியேறிய சீன வம்சாவளி இளையோரின் அடையாளச் சிக்கலை இரு பண்பாடுகளுக்கிடையே சமநிலை காணும் முயற்சியாக விளக்குவது வழக்கமாக உள்ளது. தராசின் இரு தட்டுகளிலும் எடை முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது என்பது இவ்விளக்கத்தின் அடிப்படை. மேக்சின் ஹாங் கிங்ஸ்டனின் ‘தி வுமன் வாரியர்’ (1976), ஜீன் லுவன் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ (2006), லூலூ வாங்கின் ‘தி ஃபேர்வெல்’ (2019) ஆகிய மூன்று படைப்புகளையும் ஆராயும் இக்கட்டுரை, அவ்வடிப்படை பொருந்தாது என வாதிடுகிறது. இளையோர் கையில் வந்து சேர்வது முழுமையான மரபு அன்று. பாதி சொல்லப்பட்டதும் மறைக்கப்பட்டதுமான கதைகளே. அக்கதைகளை யாருக்காக, எந்தப் பொறுப்புடன் மீண்டும் சொல்வது என்பதே இப்படைப்புகள் எழுப்பும் வினா.

திறவுச்சொற்கள்: சீன அமெரிக்க இலக்கியம், இரண்டாம் தலைமுறை, மௌனம், மறுசொல்லல், விலக்குச் சட்டம், வரைகலைப் புதினம்

முன்னுரை

இரு பண்பாடுகளுக்கு நடுவே வாழும் இளைஞரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தராசு என்னும் உருவகம் இயல்பாக வந்துவிடுகிறது. ஒரு தட்டில் பெற்றோரின் மொழி, உணவு, முன்னோர் வழிபாடு, குடும்பக் கடமை. மறு தட்டில் பள்ளி, ஆங்கிலம், தனிமனித விருப்பம். இரண்டையும் சரிசெய்துகொள்பவர் வென்றவர். ஒருபுறம் சாய்பவர் இழந்தவர். எளிமையும் தெளிவும் உடைய இவ்வுருவகம் இரண்டு கருத்துகளை ஆய்வின்றி ஏற்றுக்கொள்கிறது. பெற்றோரிடம் ‘சீனம்’ முழுமையாக இருக்கிறது, அதனைப் பிள்ளைகள் பெறலாம் அல்லது மறுக்கலாம் என்பது ஒன்று. ‘அமெரிக்கம்’ மாறாத ஒரு பொருளாகப் பள்ளிவாசலில் காத்திருக்கிறது என்பது மற்றொன்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூன்று படைப்புகளும் வடிவத்தால் வேறுபட்டவை. கிங்ஸ்டனின் நூல் தன்வரலாறும் புனைவும் கலந்தது, யாங்கினுடையது வரைகலைப் புதினம், வாங்கினுடையது திரைப்படம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 43 ஆண்டுகள் கழிந்துள்ளன. கதைமாந்தரின் வயதும் ஒன்றன்று: கிங்ஸ்டனின் கதைசொல்லி வளர்ந்த பெண்ணாக நின்று தன் சிறுமிப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கிறாள், யாங்கின் ஜின் பள்ளி மாணவன், வாங்கின் பில்லி முப்பது வயதை ஒட்டியவள். ஆயினும் மூவரும் ஓர் இடத்தில் ஒத்திருக்கின்றனர். அவர்களுக்கு ஏதோ ஒன்று சொல்லப்படவில்லை, அல்லது அதனைப் பிறரிடம் சொல்லலாகாது என விதிக்கப்பட்டிருக்கிறது. இம்மௌனம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்தால், தராசு ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும்.

சட்டம் விளைவித்த மௌனம்

சீனக் குடும்பங்களின் மௌனத்தைச் சீனப் பண்பாட்டின் இயல்பாகக் கொள்வோர் உண்டு. அமெரிக்கச் சட்ட வரலாறு இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவிற்குள் நுழைவதைத் தடைசெய்தது. 1943இல் விலக்கு நீக்கப்பட்டபோதும் ஆண்டொன்றுக்கு 105 பேர் என்னும் அளவே ஒதுக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்திற்குப் பின்னரே நிலைமை பெரிதும் மாறியது. இதற்கிடையில், 1898இல் வாங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் பிறப்பினாலேயே அமெரிக்கக் குடிமகன் என உறுதிசெய்தது.

1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தொடர்ந்த தீயிலும் சான் பிரான்சிஸ்கோ நகரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்தன. அந்நகரில் பிறந்ததாகக் கூறிய சீனரை மறுத்துரைக்கச் சான்று இல்லாது போயிற்று. அவ்வாறு குடியுரிமை பெற்றோர் சீனாவில் தமக்கு மகன்கள் இருப்பதாகப் பதிவுசெய்தனர். அப்பெயர்களை வாங்கிக்கொண்டு பிறர் வந்தனர். இவர்களே ‘காகித மகன்கள்’. 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில் அதிகாரிகள் இவர்களைக் கடுமையாக விசாரித்தனர். ஊரில் எத்தனை வீடுகள், அண்டை வீட்டார் யார் என்பன போன்ற வினாக்களுக்கு விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தனர். பிறருடைய குடும்ப வரலாற்றைத் தமதாகச் சொல்லி உள்ளே வந்தவர்கள், தம் உண்மைப் பெயரைப் பிள்ளைகளிடமும் சொல்ல அஞ்சினர். பள்ளியில் பிள்ளை வாய்தவறிச் சொல்லும் ஒரு சொல் நாடுகடத்தலில் முடியக்கூடும்.

ஆகவே, ‘நாம் யார்’ எனக் கேட்ட பிள்ளைக்குக் கிடைத்த மௌனத்தைச் சீனத் தட்டில் மட்டும் வைக்க இயலாது. அதில் ஒரு பங்கு அமெரிக்கச் சட்டம் விளைவித்தது. கிங்-காக் செயுங் தம் ‘ஆர்ட்டிகுலேட் சைலன்சஸ்’ (1993) நூலில், ஆசிய அமெரிக்கப் பெண் எழுத்தில் மௌனம் பல வகைப்படும் என்றும் அதனைக் குறைபாடாக மட்டும் காண்பது தவறு என்றும் நிறுவினார். மௌனத்தின் வகைகளோடு அதன் காரணங்களையும் பிரித்தறிய வேண்டும் என்பது இக்கட்டுரை அதனுடன் சேர்க்கும் கருத்து.

கிங்ஸ்டன்: சொல்லலாகாத கதையைச் சொல்லுதல்

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 1940இல் பிறந்தவர் கிங்ஸ்டன். பெற்றோர் சலவையகம் நடத்தினர். ‘தி வுமன் வாரியர்’ நூலின் தொடக்கத்திலேயே, இனிச் சொல்லப்போவதை எவரிடமும் கூறலாகாது எனத் தாய் மகளுக்கு ஆணையிடுகிறாள். தொடர்வது, பெயர் நீக்கப்பட்ட ஓர் அத்தையின் கதை. கணவன் ‘தங்க மலை’யாகிய அமெரிக்காவுக்குச் சென்றிருக்க, அவள் கருவுறுகிறாள். ஊரார் வீட்டைச் சூறையாடுகின்றனர். அவள் பன்றித் தொழுவத்தில் குழந்தையைப் பெற்று, அதனுடன் குடும்பக் கிணற்றில் விழுந்து இறக்கிறாள். பருவமெய்திய மகளுக்கு எச்சரிக்கையாகவே தாய் இதனைச் சொல்கிறாள். எச்சரிக்கைக்குத் தேவையான அளவே சொல்கிறாள்.

எஞ்சியதை மகள் கற்பனையால் நிரப்புகிறாள். அத்தை வற்புறுத்தப்பட்டவளா, காதலித்தவளா? ஒவ்வொரு ஊகத்தையும் அவளே எழுப்பி, அவளே ஐயுறுகிறாள். தன் நெடுங்கால மௌனத்தால் தானும் அத்தையின் தண்டனையில் பங்கேற்றதாக உணர்கிறாள். இக்கதையைத் தராசின் எந்தத் தட்டில் வைப்பது? ‘சீன மரபு’ எனப் பேணவும் இயலாது. ‘பிற்போக்கு’ எனத் தள்ளி அமெரிக்கத் தட்டுக்கு நகரவும் இயலாது. தள்ளினால் அத்தை மீண்டும் ஒருமுறை பெயரற்றவளாகிறாள். அமெரிக்கா இக்கதைக்கு வெளியே நிற்கவும் இல்லை. கணவனை அங்கு அழைத்துச் சென்ற பிழைப்புத் தேடலே அத்தையின் தனிமைக்குக் காரணமாயிற்று.

விலக்குச் சட்டக் காலத்தின் நிழலும் நூலில் நேரடியாகவே உள்ளது. அமெரிக்கர்களிடம் உண்மை பேசவேண்டாம் என்றும், சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் ஆவணங்கள் எரிந்தனவெனக் கூறவேண்டும் என்றும் குடியேறியோர் ஒருவருக்கொருவர் அறிவுறுத்திக்கொள்வதைக் கதைசொல்லி பதிவுசெய்கிறாள். பிள்ளைகளும் இந்நாட்டில் பிறந்தவர்கள் ஆதலால், அவர்கள் முன்னிலையிலும் இரகசியங்கள் பேசப்படுவதில்லை. வீட்டுக்குள் அவர்கள் பாதி அந்நியர்; பள்ளியிலும் அவ்வாறே.

பள்ளியில் நேர்ந்த இடர்ப்பாட்டை நூல் ஓர் எழுத்தின் வழியே காட்டுகிறது. ‘நான்’ என்பதற்குரிய சீன எழுத்துக்கு ஏழு கோடுகள். ஆங்கில எழுத்துக்கு மூன்றே கோடுகள். அந்த மூன்று கோட்டு ‘நான்’ ஒரு தன்னிலைச் சொல்லாக எவ்வாறு நிற்கக்கூடும் எனச் சிறுமி திகைத்து நிற்கிறாள், வாசிப்பு தடைபடுகிறது. இந்நூலின் மிகக் கொடிய காட்சியும் பள்ளியிலேயே நிகழ்கிறது. கதைசொல்லி, தன்னைப் போலவே பேசாத மற்றொரு சீனச் சிறுமியைக் கழிப்பறையில் தனியே நிறுத்தி, கன்னத்தைக் கிள்ளி, முடியை இழுத்து, பேசு என வதைக்கிறாள். அச்சிறுமி அழுகிறாளேயன்றிப் பேசவில்லை. அமெரிக்கக் குரலைப் பெறுவதற்கான வன்முறையை இங்கு எந்த ஆசிரியரும் செலுத்தவில்லை. ஒரு சீனச் சிறுமி மற்றொருத்தி மீது செலுத்துகிறாள். பின்னர்க் கதைசொல்லி பதினெட்டு மாதங்கள் நோயுற்றுக் கிடப்பது, அடித்தவளும் அடிபட்டவளும் ஒருத்தியே என்பதை உணர்த்துகிறது.

நூலின் இறுதியில் வருவது, சியோங்னு நாடோடிகளால் கவர்ந்து செல்லப்பட்ட சாய் யென் என்னும் பெண்கவியின் கதை. அதனைத் தொடங்கியவர் தாய் என்றும் முடித்தவர் தான் என்றும் கதைசொல்லி தெளிவுபடுத்துகிறாள். தாய் மறைத்ததை மகள் உடைத்தாள் என்னும் எளிய வாசிப்பை இவ்விறுதி ஏற்பதில்லை. தாய் கதை சொல்லும் ஆற்றலைக் கொடுத்தாள், முடிவுகளைக் கொடுக்கவில்லை.

மெய்யும் போலியும்: ஃபிராங்க் சின் தொடுத்த வழக்கு

கிங்ஸ்டனின் இவ்வுரிமையை வலுவாக மறுத்தவர் ஃபிராங்க் சின். 1974இல் வெளிவந்த ‘ஐயீ!’ என்னும் ஆசிய அமெரிக்கத் தொகைநூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான இவர், 1991இல் வெளிவந்த அதன் பெருந்தொகையில் எழுதிய கட்டுரையில், கிங்ஸ்டன், ஏமி டான், நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங் ஆகியோர் சீனத் தொன்மங்களைத் திரித்தனர் எனக் குற்றஞ்சாட்டினார். முலான் கதை இவ்வழக்கின் நடுப்பொருள். கிங்ஸ்டனின் நூலில் போர்மகளின் முதுகில் பெற்றோர் பழிதீர்க்கவேண்டிய சொற்களைக் கீறி எழுதுகின்றனர். மரபில் அந்நிகழ்வு யுவே ஃபெய் என்னும் படைத்தலைவனுக்கு உரியது, முலானுக்கு உரியதன்று.

சின்னின் கூற்றில் வலிமை உண்டு. சிறுபான்மையினர் எழுதும் நூலை அச்சமூகத்தின் ஆவணமாகவே வாசிக்கும் பெரும்பான்மைச் சந்தையில், ஓர் எழுத்தாளரின் கற்பனை ‘சீனா இதுதான்’ என நிலைபெற்றுவிடும். 1976ஆம் ஆண்டுக்கான தேசிய நூல் திறனாய்வாளர் வட்ட விருது கிங்ஸ்டனின் நூலுக்குப் புனைவல்லாத எழுத்துக்கான பிரிவிலேயே வழங்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. சீன ஆண்களைக் கொடியோராகவும் பெண்களை மீட்கப்படவேண்டியோராகவும் காணும் பார்வைக்கு இத்தகைய வாசிப்பு தீனியிட்டது என்னும் கவலையைப் புறந்தள்ள இயலாது.

ஆயினும் மரபைப் பற்றிய சின்னின் கருத்து ஏற்புடையதன்று. முலான் கதைக்கு மாறாத மூலவடிவம் சீனாவிலேயே நிலைத்திருக்கவில்லை. வடக்கு மரபுக் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பழைய கதைப்பாடலில் கட்டுப்பாதம் இல்லை. மிங் காலத்து நாடகாசிரியர் சூ வெய் பதினாறாம் நூற்றாண்டில் முலானுக்குக் கட்டுப்பாதம் அளித்தார். அவரைப் போலி என எவரும் தள்ளவில்லை. முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டையும், வழிநூலில் விரித்தலுக்கும் தொகுத்தலுக்கும் இடமுண்டு என்பதையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. மாற்றம் செய்தமைக்காக ஒரு வழிநூலைக் குறைகூற இயலாது. மாற்றத்தின் பயனையே மதிப்பிடவேண்டும். கிங்ஸ்டன் செய்த மாற்றத்தின் பயன் தெளிவானது. ஆணின் முதுகில் இருந்த சொற்களைப் பெண்ணின் முதுகுக்கு மாற்றியதன் மூலம், பழிதீர்த்தல் என்பதைச் சொல்லுதலாக அவர் மாற்றுகிறார். பெயரற்ற அத்தைக்காக மகள் எழுந்து செய்யக்கூடியது அதுவே.

தொன்மத்தைச் சரியாக வைத்திருப்பவரே உண்மையான சீன அமெரிக்கர் எனச் சின் கூறும்போது, அவரும் எடைபோடுகிறார். அவரது தராசில் எடைக்கல் மட்டுமே வேறு.

யாங்: உருமாற்றத்தின் விலை

1965க்குப் பிந்தைய குடியேற்றத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்குக் காகிதப் பெயர்களின் அச்சம் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் எதிர்கொண்ட மௌனம் வேறு வகையினது. ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ அதனை மூன்று கதைகளாகச் சொல்கிறது: குரங்கரசனின் தொன்மம்; ஜின் வாங் என்னும் மாணவனின் வாழ்க்கை; டேனி என்னும் வெள்ளை இனச் சிறுவனைத் தேடிவரும் சின்-கீ என்னும் சீன உறவினனின் நகைச்சுவைத் தொடர். மூன்றும் இறுதியில் ஒன்றாகின்றன. டேனி என்பவன் உருமாறிய ஜின். சின்-கீ என்பவன் மாறுவேடத்தில் வந்த குரங்கரசன். அமெரிக்கத் தேசிய நூல் விருதின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்ற முதல் வரைகலைப் புதினம் இதுவே.

சின்-கீ என்னும் பெயரே ஓர் இனவசையின் ஒலிவடிவம். மஞ்சள் தோல், நீண்ட சடை, துருத்திய பல், பின்னணியில் அச்சிடப்பட்ட சிரிப்பொலி என வெகுசன ஊடகங்கள் வளர்த்த இழிவுகள் அனைத்தையும் யாங் ஒரே உருவில் குவிக்கிறார். வாசகர் சிரிப்பதா கூசுவதா எனத் தடுமாறுகிறார். ஜின் தன்னைப் பற்றிப் பேசாமைக்குக் காரணம் இங்குள்ளது: பேசினால் சின்-கீயாகக் கேட்கப்படுவோம் என்னும் அச்சம்.

இவ்வச்சத்தின் விலையைச் செலுத்துபவன் அவன் மட்டுமல்லன். தைவானிலிருந்து வந்த வெய்-சென் முதன்முறை சீனமொழியில் பேசும்போது, ஆங்கிலத்தில் பேசு என்கிறான் ஜின். பின்னர் நண்பர்களாகின்றனர். ஆனால் பிணக்கு முற்றும் வேளையில், புதிதாய்க் கப்பலிலிருந்து இறங்கியவன் எனப் பொருள்படும் இழிசொல்லை ஜின் அந்நண்பன் மீது எறிகிறான். அன்றிரவே அவன் டேனியாக உருமாறுகிறான். ஆன்மாவை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயின் எதுவாகவும் ஆகலாம் என்று சிறுவயதில் மூலிகை மருத்துவரின் மனைவி சொன்னது நிறைவேறுகிறது. தராசு உருவகத்தில் இழப்பு எப்போதும் தனிமனிதனுடையது. யாங் காட்டும் இழப்பு ஒரு நட்பு.

மரபை யாங்கும் மாற்றுகிறார். ‘மேற்குநோக்கிய பயணம்’ கதையில் குரங்கரசனை அடக்குபவர் புத்தர். கத்தோலிக்கரான யாங் அவ்விடத்தில் உலகைப் படைத்த ட்ஸே-யோ-ட்சூவை நிறுத்துகிறார். காலணி அணியாமைக்காக விண்ணவர் விருந்தில் இழிவுபடுத்தப்பட்ட குரங்கு, பிறகு தன் குரங்குகள் அனைத்தையும் காலணி அணியச் செய்வது, தொன்மத்தைப் பள்ளியின் உணவுக்கூடத்திற்கு அருகே கொண்டுவருகிறது. ஆனால் மெய்யான உருவத்திற்குத் திரும்புவதே விடுதலை என்னும் நூலின் அறிவுரை ஒரு சிக்கலை எழுப்புகிறது. குரங்குக்கு மெய்யுருவம் உண்டு. கலிபோர்னியாவில் வளர்ந்த ஜின்னுக்கு அது எது? நூல் இதற்குக் கருத்தளவில் விடைதரவில்லை, செயலளவில் தருகிறது. இறுதியில் ஜின் வெய்-சென்னைத் தேடிச் சென்று உணவகத்தில் அவனுடன் உரையாடத் தொடங்குகிறான். மெய்யுருவம் என்பது அங்கு ஒரு முகமாகத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க அமர்ந்த இருக்கையாகத் தோன்றுகிறது.

வாங்: பொய்யில் பங்கேற்றல்

பெய்ஜிங்கில் பிறந்து ஆறாம் வயதில் அமெரிக்கா வந்த லூலூ வாங்கின் ‘தி ஃபேர்வெல்’ அவரது குடும்ப நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. சாங்சுன் நகரில் வாழும் பாட்டிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. குடும்பத்தினர் அதனை அவரிடம் மறைத்து, ஒரு பேரனின் திருமணத்தைக் காரணமாக்கி விடைபெற ஒன்றுகூடுகின்றனர். நியூயார்க்கில் வாழும் பில்லிக்கு இப்பொய் உடன்பாடன்று. மேற்கில் உயிர் ஒருவருக்கே உரியது, கிழக்கில் அது குடும்பத்தின் ஒரு பகுதி எனப் பெரியப்பா அவளுக்கு விளக்குகிறார்.

திரைப்படத்தின் மையக்கருத்தாக இக்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், மீண்டும் தராசையே அடைகிறோம். ஆனால் நோயை மறைத்தல் கிழக்கிற்கே உரியது என்பது வரலாற்றுண்மை அன்று. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1961இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிகாகோ மருத்துவமனை ஒன்றைச் சார்ந்த மருத்துவர்களில் 90 விழுக்காட்டினர் நோயாளியிடம் புற்றுநோயைச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். அதே இதழின் 1979ஆம் ஆண்டு ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதை விரும்பினர். பில்லி ‘அமெரிக்க நேர்மை’ எனக் கருதுவது, அவள் அங்குக் குடியேறுவதற்குச் சற்று முன்னரே நிலைபெற்ற வழக்கம். தட்டின் மறுபுறமும் எடை நிலையானதன்று.

பெரியப்பாவின் கூற்றைத் திரைப்படமே ஐயுறுகிறது. திருமண விருந்தில் அவரே கண்ணீரை அடக்க இயலாது உடைந்துபோகிறார். பொய்யைச் சுமப்பது கிழக்கத்தியருக்கும் எளிதன்று. மறுபுறம், பில்லி எவ்வித மனமாற்றத்தையும் அறிவிக்காமலேயே, மருத்துவ அறிக்கை பாட்டியின் கைக்குச் சேராமல் தடுக்க நகரத் தெருக்களில் ஓடுகிறாள். அவள் ‘சீனத்தி’ ஆகிவிட்டாள் என இதனைப் படிப்பது பொருந்தாது. பொய் சரியானது என அவள் ஏற்றதாகத் திரைப்படம் எங்கும் காட்டவில்லை. பிறர் தொடங்கிய கதையில் தன் பங்கைச் செய்யத் துணிகிறாள். அதன் பழியிலும் பங்கேற்கிறாள். கிங்ஸ்டனின் மகள் மௌனத்தை உடைத்து அத்தைக்குப் பொறுப்பேற்றாள். பில்லி மௌனத்தைக் காத்துப் பாட்டிக்குப் பொறுப்பேற்கிறாள். செயல்கள் எதிரெதிரானவை, வினா ஒன்றே.

இத்திரைப்படத்திற்கு நேர்ந்ததும் இவ்வாய்வுக்கு உரியது. அமெரிக்க இயக்குநர் எடுத்த அமெரிக்கத் தயாரிப்பான இது, உரையாடலில் பெரும்பகுதி சீனமொழியில் அமைந்தமையால், கோல்டன் குளோப் விருதுகளில் அயல்மொழித் திரைப்படப் பிரிவில் வைக்கப்பட்டது. இளையோர் எவ்வளவு நுட்பமாகத் தம்மைச் சமன்செய்துகொண்டாலும், தராசைப் பிடித்திருக்கும் கை அவர்களுடையதன்று.

முடிவுரை

மூன்று படைப்புகளும் மூன்று வகை மௌனத்தை முன்வைக்கின்றன. கிங்ஸ்டனில் அது சட்டத்தின் அச்சமும் குடும்பத்தின் தண்டனையும் சேர்ந்தது. யாங்கில் ஏளனத்தின் அச்சம். வாங்கில் அன்பின் பொருட்டுக் காக்கப்படும் மறைப்பு. இவற்றுள் எதனையும் ‘சீனம்’ என்றோ ‘அமெரிக்கம்’ என்றோ தூய்மையாகப் பிரிக்க இயலவில்லை. பிரிக்க இயலாதவற்றை எடைபோடவும் இயலாது.

சமநிலை என்னும் சொல் இளையோரை ஒரு தேர்வுக்கு உட்படுத்துகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு குறைகிறது எனக் கேட்கிறது. அதன் இடத்தில் ‘மறுசொல்லல்’ என்னும் கருத்தை வைத்தால் வினா மாறுகிறது. தமக்குக் கிடைத்த அரைகுறைக் கதையை அவர்கள் யார்பொருட்டுச் சொல்கின்றனர், அல்லது சொல்லாது காக்கின்றனர்? அதனால் எவர் பெயர் மீட்கப்படுகிறது, எவர் புண்படுகிறார்? பெயரற்ற அத்தை, வெய்-சென், சாங்சுன் பாட்டி ஆகியோர் அவ்வினாவின் விடைகள். இளம் கதைமாந்தரின் அடையாளம் இம்மூவரிடம் அவர்கள் நடந்துகொண்ட முறையில் உருவாகிறது. இவ்வகை எழுத்தை ஆராய்வோர் எடைபோடுவதை விடுத்து, இவ்வுறவுகளைத் தொடர்ந்து செல்வது பயனுடையது.